மத்திகிரிக்குக் கொண்டுபோன சேதி

ஓசூருக்குள் நுழைவதற்கு முன்பே என்னைப் பிடித்துவிட்டார்கள். மைசூர் ராஜ்யம் முடிந்து சென்னை ராஜ்யம் தொடங்கும் இடத்தில் பஸ் நின்றது. மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் ஏறி ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்துகொண்டு வந்தார். என் தோல்பைக்குள் பஞ்சு, ஒரு டார்ச் விளக்கு, தையற்காரர் வைத்திருப்பது போன்ற டேப், நாலு அவுன்ஸ் ஸ்பிரிட். பாட்டிலைத் திறந்து முகர்ந்ததும் அவர் முகம் மலர்ந்தது. என் முகம் வெளிறியது.

"என்னா சார் இது?"

"மருந்து. புண் துடைக்கிறதுக்கு."

"யாருக்குப் புண்ணு?"

யாருக்கும் இல்லை. எங்கே போனாலும் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுபோவது என் தொழில் பழக்கம். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருக்கிறேன் என்று சொன்னேன். பினாங்கு எந்தத் தாலுகா என்று கேட்டார். பின் இருக்கையில் இருந்த அம்மாள் பக்கத்துக்காரியிடம் தெலுங்கில், "பார்த்தா மரியாதைக்காரன் மாதிரிதான் இருக்கான். சட்டை இவ்வளவு வெள்ளையா இருக்கும்போதே நான் நெனச்சேன்" என்றாள். பினாங்கில் எங்கள் லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, அடுத்த லயம் முழுக்கத் தெலுங்குக்காரர்கள். அதனால் தெலுங்கு எனக்கு நன்றாகப் புரியும். புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கடைசியில் அந்தப் போலீஸ்காரர் நொண்டுவதைக் கவனித்தேன். பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். குதிகாலில் கொப்புளம் உடைந்து கிடந்தது. அதே ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டேன். அவர் போட்ட கூச்சல் மைசூர் வரை கேட்டிருக்கும். பிறகு என்னை விட்டுவிட்டார்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எங்கள் வார்டுக்கு நஞ்சப்பா என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி. முப்பத்திரண்டு வயது. ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள், சிலந்திக் கால் போன்ற விரல்கள், சோடாபுட்டிக் கண்ணாடி. ரப்பர் பால் டின்னைத் தூக்கும்போது முதுகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் துணி கிழிக்கிற மாதிரி வலி வந்தது என்றார். நான் படுக்கைக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவர் அப்படியே போய்விட்டார்.

உடம்பைத் திறந்து பார்த்த பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. "உடம்பில் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் நார் ஒன்று இருக்கிறது. சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த நார் நொய்ந்துபோய் வருகிறது. எலும்பு கட்டுக்கடங்காமல் நீளும், கண்ணின் வில்லை இடம் நழுவும், ரத்தக்குழாய் வீங்கும். இந்த ஆளுக்கு அண்ணன் தம்பி உண்டா?" என்று கேட்டார். நஞ்சப்பாவின் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. அண்ணன் திம்மராயப்பா, மத்திகிரி, ஓசூர் வழி. எனக்கு ஆறு மாதத்தில் இந்தியா போக லீவு வந்தது. "போய்ச் சொல்லிவிட்டு வா. கனம் தூக்கக்கூடாது, மூச்சைப் பிடித்து எதையும் தள்ளக்கூடாது, ஓடக்கூடாது. இன்றைக்கு என்னிடம் இருக்கும் மருந்து அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

முதல் நாள் ஓசூரில் தங்கினேன். குளிர்! தை மாதத்துக் காலை எட்டு மணிக்கு வாயிலிருந்து புகை வருகிறது. பினாங்கில் புகை வந்தால் சமையல்கட்டில் ஏதோ தீய்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டுக் கடையில் ராகிக் களி உருண்டையை வைத்துக் கீரைச் சாற்றை ஊற்றினார்கள். நான் அதை வாயில் போட்டு மென்றேன். மென்றேன், மென்றேன், அது முடிவதாக இல்லை. எதிரில் இருந்த மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். "முழுங்குங்க சாமி, பல்லுக்கு அதுல வேலையில்ல" என்றார் ஒருவர். விழுங்கினேன். அது இறங்கும் வழியெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் சாயங்காலம் வரை பசிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஜட்காவில் மத்திகிரிக்குப் போனேன். அரசாங்கக் கால்நடைப் பண்ணை அங்கே இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளி, வெள்ளைக் காளைகள். காளைகளுக்கு நம்மைவிட நல்ல வீடுகள். திம்மராயப்பா எங்கே என்று கேட்டதற்கு, "புஸ்தகக்காரரா? நேரா போங்க, தலை குனிஞ்சு வெளிய வர்றவரு அவருதான்" என்றார்கள்.

அவர் வாசலைத் தாண்டக் குனிந்து, நிமிர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நஞ்சப்பாவேதான். அதே கைகள், அதே கண்ணாடி, சற்று நரைத்த தலை. நான் விரிப்பால் முகத்தை மூடிய மனிதர் எழுந்து வந்து, "யாருங்க, யாரு வேணும்?" என்று கேட்டது போல இருந்தது.

தம்பி இறந்த செய்தி அவர்களுக்கு முன்பே போயிருந்தது. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவன் நான் என்று சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு அழைத்துப்போனார். மனைவி பார்வதம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரே மகள் ராஜம்மா, பதினெட்டு வயது, கதவோரம் நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். வரும் மாசியில் அவளுக்குக் கல்யாணம் என்றும், பேரிகையில் மாப்பிள்ளை என்றும், சொந்தத்தில் இல்லாமல் அசல் சம்பந்தம் என்றும் பார்வதம்மா பெருமையாகச் சொன்னாள்.

திம்மராயப்பாவின் உயரத்தை அளந்தேன். ஆறடி ஓர் அங்குலம். கைகளை விரிக்கச் சொல்லி விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்தேன். ஆறடி ஏழு அங்குலம். சாதாரண மனிதருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர் பார்வையைத் திருப்பும்போதெல்லாம் கருவிழி தளும்பியது. உள்ளே வில்லை நழுவியிருந்தது. "உங்க அப்பா?" என்று கேட்டேன்.

"கெணத்துல தண்ணி எறைக்க மாடு கட்டிக் கவலை ஓட்டிக்கினு இருந்தாரு. வடம் மாட்டிக்கிச்சின்னு கையால இழுத்தாரு. நெஞ்சைப் புடிச்சிக்கினு உக்காந்தவருதான். முப்பத்தெட்டு வயசு. பேய்க் காத்து அடிச்சிடுச்சின்னாங்க."

"அவருக்கு அப்பா?"

"அவரும் அப்படித்தான். எங்கூட்ல ஆம்பள நரைச்சு யாரும் பார்த்ததில்ல. நான்தான் மொதல்ல."

இதையெல்லாம் எப்படி அவருக்குப் புரிய வைப்பது என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே வந்திருந்தேன். அவருடைய வேலை என்ன என்று தெரிந்ததும் எனக்குக் குஷி பிறந்துவிட்டது. பண்ணையில் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம். மேலே தகப்பன் காளை, கீழே தாய்ப்பசு, ஓரத்தில் குறைகள். இருபது வருஷமாக அந்தப் புத்தகத்தை எழுதுகிறவர் அவர்தான். "அண்ணே, உங்க புஸ்தகத்துல எப்படி காளையோட குறை கன்னுக்கு இறங்குதோ, அப்படித்தான் இதுவும்" என்றேன். அவ்வளவுதான். எங்கள் டாக்டர் எனக்கு மூன்று நாள் பாடம் நடத்திய விஷயத்தை அவர் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இது வம்சக் குறை" என்றார். "ஆமாம்" என்றேன். கனம் தூக்கக்கூடாது என்பதையும் மற்றதையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். உதாரணம் சொல்லி விளக்குவதில் நான் கெட்டிக்காரன் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு ஓசூருக்குத் திரும்பினேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மூன்றாம் நாள் கிருஷ்ணகிரிக்குப் போனேன். திம்மராயப்பாவின் கண்ணைப் பார்க்க அங்கே யாராவது டாக்டர் இருப்பாரா என்று விசாரிக்கத்தான். போகும்போது பஸ்ஸின் டயர் ஒன்று வெடித்தது. டிரைவரும் கண்டக்டரும் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டே மாற்றினார்கள். எனக்குக் கன்னடம் தெரியாததால் மனநிம்மதியோடு மாமரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். கிருஷ்ணகிரியில் ஒரு கண் டாக்டரைப் பிடித்தேன். கருவிழி தளும்புவதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அழைத்து வாருங்கள், உடனே" என்றார். நல்ல மனிதர். பயணத்தில் இப்படி ஒரு நாள் அமைந்தால் மறுநாள் ஏதோ காத்திருக்கிறது என்று பயப்பட வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு மத்திகிரி வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. பார்வதம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மோர் கொடுக்க யாரும் வரவில்லை. ராஜம்மா மட்டும் ஒரு தாளை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள்.

"படிங்க. நீங்க சொல்லித்தான எழுதியிருக்காரு?"

பண்ணையில் வேண்டாமென்று போட்ட படிவம் ஒன்றின் பின்பக்கம். திம்மராயப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. மேலே தாத்தா பெயர், அதன் கீழே அப்பா, அதன் கீழே தம்பி நஞ்சப்பாவும் தானும், அதற்கும் கீழே மகள். கன்றுகளுக்குக் கோடு போடுவது போலவே கோடுகள். நஞ்சப்பாவுக்கு நேராக 'இறப்பு'. தன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'கழிவு', பண்ணையில் ஏலத்துக்குத் தள்ளும் மாட்டுக்கு எழுதுகிற வார்த்தை. மகள் பெயருக்கு நேராக, அதே சிவப்பு மையில், 'கழிவு. சினைக்கு விடக்கூடாது.'

எத்தனையோ பிணங்களைப் பார்த்தவன் நான். ஒரு காகிதத்தைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான். அந்த எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று ஒரு நப்பாசை.

"நேத்தே பேரிகைக்குப் போய் சொல்லிட்டு வந்துட்டாரு. வம்சத்துல குறை இருக்குது, பொண்ணு கொடுக்கிறதுக்கில்லன்னு. யாரும் கேக்கலீங்க. அவரா போய் சொன்னாரு" என்றாள் ராஜம்மா. அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். "மாட்டை ஏலம் உடறதுக்கு மின்ன கூட ஒரு தடவை புடிச்சிப் பார்ப்பாங்க. என்னை யாரு பார்த்தீங்க? நீங்க பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற பெண்ணை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைவிடப் பெரிய பாவம் ஒன்றும் செய்திருந்தேன். டாக்டர் எனக்குச் சொல்லியனுப்பியதில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். பதிவேட்டைக் கண்ட குஷியில் மற்றப் பாதி மறந்துபோயிற்று. இந்தக் குறை எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்குவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதிதான், காசைச் சுண்டிவிடுகிற மாதிரி. வராத பிள்ளையோடு அது நின்றுபோகும். அந்தப் பிள்ளைக்குப் பிறக்கிறவர்களுக்கு வராது.

பண்ணைக்கு ஓடினேன். ஓட்டமென்றால் நிஜமாகவே ஓட்டம். திம்மராயப்பா மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "ரெண்டு தலைமுறையில குறை வந்துட்டா முழு வரிசையையும் கழிச்சிடறதுதாங்க. எந்தக் கன்னு நல்லதுன்னு பார்த்துக்கினு இருக்க மாட்டோம். அதெப்படி தெரியும்?" என்றார்.

"அது மாட்டுக்கு அண்ணே! மாடு போனா வேற மாடு. உங்களுக்கு இருக்கிறது ஒரு பொண்ணு."

"குறையை மறைச்சு வித்தா அவன் மனுசனில்லீங்க. நான் இருவது வருசமா ஏலத்துல நின்னு, இதுக்குக் கண்ணு இல்ல, இதுக்குக் கால் வளைசல்னு கூவிட்டுத்தான் வெலை கேக்க உட்டிருக்கேன். எம்பொண்ணுன்னா மட்டும் வாயை மூடிக்கலாமா?"

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு யோக்கியமான மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. அந்த யோக்கியம் மகள் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது. அதைத் திரித்துக் கொடுத்தவன் நான்.

வீட்டுக்கு அழைத்து வந்தேன். டேப்பைப் பார்வதம்மாவிடம் கொடுத்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று கதவுக்கு வெளியிலிருந்து சொன்னேன். அவள் படுக்கையிலிருந்து எழுந்தது அதற்காகத்தான். முதல் தடவை அளந்ததை நம்பாமல் மூன்று தடவை அளந்தாள். உயரம் ஐந்தடி மூன்று. கை விரிப்பு ஐந்தடி இரண்டு. வெளியே வெயிலில் நிறுத்தி ராஜம்மாவின் கண்ணைப் பார்த்தேன். டார்ச் அடித்தும் பார்த்தேன். இடமும் வலமும் திருப்பச் சொன்னேன். கருவிழி கிணற்றடிக் கல் மாதிரி அசையாமல் நின்றது. தூரத்து வேப்பமரத்தில் எத்தனை காக்கை என்று கேட்டேன். "அஞ்சு. ஒண்ணு கெளைக்குப் பின்னால நிக்குது" என்றாள்.

டாக்டர் இல்லை நான், வெறும் டிரஸ்ஸர். டேப்பும் டார்ச்சும் காட்டிய அளவுக்கு, "உனக்கு இல்லைம்மா" என்றேன். திம்மராயப்பா அந்தத் தாளை வாங்கினார். மகள் பெயருக்கு நேராக இருந்ததை அடித்துவிட்டு, தன் பெயருக்கு நேராக இருந்ததை அப்படியே விட்டார். பிறகு மகளின் தலையில் கையை வைத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் நானும் அவரும் பேரிகைக்குப் பஸ் ஏறினோம். சந்தை நாள். கோழிக்கூடை, வெற்றிலைக் கட்டு, கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் எதிர் சீட்டுக்காரரிடம் தமிழில் ஆரம்பித்து, நடுவில் தெலுங்குக்குப் போய், கோபம் வந்ததும் கன்னடத்தில் முடித்தார். எதிர் சீட்டுக்காரரும் சளைக்காமல் அதே வழியில் பதில் சொன்னார்.

ஓர் ஓடையில் பஸ் மணலில் சிக்கிக்கொண்டது. "எறங்குங்க, எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!" என்று கண்டக்டர் கத்தினார். எல்லோருக்கும் முன்னால் திம்மராயப்பா எழுந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். "நீங்க உட்காருங்க. அதைத்தான் செய்யவே கூடாது." ஒரு நிமிஷம் நின்றார். உட்கார்ந்தார்.

டிரைவரை விட்டால் பஸ்ஸுக்குள் இருந்தது மூன்றே பேர். கோழிகள், கர்ப்பிணிப் பெண், ஆறடி ஓர் அங்குலத் திம்மராயப்பா. கோழியையும் பேர் என்று எண்ணுகிறேன், அவரையும் கோழியோடு சேர்த்துத்தான் பார்த்தார்கள். வெளியே நாங்கள் தள்ளினோம். வெற்றிலைக்காரப் பெண்ணும் தோள் கொடுத்தாள். "பனைமரம் மாதிரி ஒருத்தன் ராஜாவாட்டம் உக்காந்திருக்கான், பொம்பளைங்க தள்ளுறோம்!" என்று தெலுங்கில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பால் கேன் கட்டிய சைக்கிளில் வந்த ஒருவன் காலை ஊன்றி நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். பஸ் திடீரென்று கிளம்பியதில் நான் மணலில் குப்புற விழுந்தேன். என் வெள்ளைச் சட்டை அதோடு முடிந்தது. ஏறி உட்கார்ந்தபோது திம்மராயப்பா காது வரை சிவந்து மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து பிறர் வேலை செய்ய அவர் சும்மா உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவையாம்.

பேரிகையில் மாப்பிள்ளை வீடு பெரிய வீடு. முற்றத்தில் வண்டியிலிருந்து ராகி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மல்லம்மா, கணவர் போன பிறகு அத்தனை நிலத்தையும் ஆள்கிற அம்மாள், எங்களைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். மாப்பிள்ளை தூணோரம் நின்றான். நல்ல பையன். எங்கள் பக்கம் பேசத்தான் அவனுக்கு ஆசை என்று முகத்தில் தெரிந்தது. தாய்க்கு எதிரில் வாய் வரவில்லை.

நான் விளக்கினேன். பாதிக்குப் பாதி என்றேன். அளவெல்லாம் சொன்னேன். அப்பாவுக்கு இருக்கிறது, பெண்ணுக்கு இல்லை, இனி அவள் வயிற்றில் பிறப்பதற்கும் வராது என்றேன். மல்லம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"முந்தாநாளு இவரே வந்து குறை இருக்குதுன்னாரு. இன்னிக்கி நீங்க வந்து இல்லேங்கறீங்க. அப்பனுக்கு இருக்குதாம், பொண்ணுக்கு இல்லியாம்" என்றாள். "சரி, நான் ஒண்ணு கேக்கறேன். ஓடையில ஊரே பஸ்ஸைத் தள்ளச்சொல்ல இவரு உள்ள உக்காந்திருந்தாராமே? பால்காரன் வந்து சொல்லிட்டான். நான் வெவசாயக்காரிங்க. தோட்டத்துல வேரு அழுகியிருந்தா காயைப் பார்த்துக்கினு நிக்க மாட்டேன்."

அவரை உட்கார வைத்தவன் நான். டாக்டர் சொன்ன ஒரே மருந்து அது. அந்த மருந்தே சைக்கிளில் ஏறி எங்களுக்கு முன்னால் வந்து சாட்சி சொல்லியிருந்தது. மறுபடியும் விளக்க வாயெடுத்தேன். திம்மராயப்பா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இந்தப் பினாங்குக்காரரு தம்பி செத்த கதையைச் சொன்னாரா, நான் பயந்துட்டேன். பயத்துல வந்து ஒளறிட்டேன். பஸ்ஸுல இவருதான் கையைப் புடிச்சி உக்கார வெச்சாரு." எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டினார். "குறை இருக்கிறவன் மூட்டை தூக்குவானா, பாருங்க."

வண்டியில் கடைசியாக ஒரு மூட்டை இருந்தது. இரண்டு ஆட்கள் பிடித்து இறக்குகிற மூட்டை. அதைத் தானியக் கிடங்குக்குக் கொண்டுபோக ஐந்து படி ஏற வேண்டும். வண்டியருகே போய் நின்று அப்போதுதான் என்னைப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேள்வி எனக்குக் கேட்டது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். சொல்லியிருந்தால் ராஜம்மாவின் கல்யாணம் அந்த முற்றத்திலேயே முடிந்திருக்கும். மல்லம்மா என்னைப் பார்த்தாள். பையன் என்னைப் பார்த்தான். ஆட்களும் பார்த்தார்கள்.

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

ஆட்கள் மூட்டையை அவர் முதுகில் சாய்த்தார்கள். அந்த நீண்ட கைகள் பின்னால் போய் இரண்டு மூலைகளையும் பிடித்தன. முற்றத்தைக் கடந்தார். முதல் படி, இரண்டாம் படி. வார்டில் நஞ்சப்பா பேச்சை நிறுத்தியபோது எப்படி இருந்ததோ அப்படி என் காது அடைத்துக்கொண்டது. மூன்றாம் படியில் ஒரு கணம் நின்றார். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, மூட்டை தூக்குகிறவன் படியில் நிற்பதுதான். மறுபடி ஏறினார். உள்ளே தொப்பென்று மூட்டை விழுந்த சத்தம் கேட்டது. அது மூட்டைதானா என்று தெரிவதற்குள் நான் பாதி செத்துவிட்டேன்.

வெளியே வந்தார். கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பொய் சொன்ன மனிதர் முகம் எப்படி இருக்கும் என்று அவர் முகத்தில் தேடினேன். ஒரு தகப்பன் முகம்தான் இருந்தது.

"எலையைப் போடுங்கடி" என்று மல்லம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பையன் ஓடிப்போய்த் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து மாமனார் கையில் ஊற்றினான். பந்தியில் என்னை அவருக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். மாசியில் எந்த முகூர்த்தம், மேளம் ஓசூரிலிருந்தா கிருஷ்ணகிரியிலிருந்தா என்று பேச்சு கிளம்பிவிட்டது. பயமுறுத்தும் டாக்டர் என்று மல்லம்மா என்னைக் கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன்.

திம்மராயப்பா எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே நன்றாகச் சாப்பிட்டார். அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தான், உள்ளேயிருந்து யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி, எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அது இதயம் அடிக்கிற வேகம், மூட்டையை இறக்கி இவ்வளவு நேரமாகியும் அடங்காத வேகம். அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.